காளான் காபியும் கொழுப்பு மாத்திரையும்: மாமாவுக்கு என்ன பதில் சொல்வது?

மடிப்பாக்கம்_மருமகள்

எல்லோருக்கும் வணக்கம். என் மாமனாருக்கு வயது 68. இதயத்தில் ஸ்டென்ட் வைத்திருக்கிறார். கொழுப்பைக் குறைக்கும் ஸ்டாட்டின் வகை மாத்திரையான அடோர்வாஸ்டாட்டினும் ஆஸ்பிரினும் தினமும் எடுத்துக்கொண்டிருந்தார். சர்க்கரை எல்லைக்கோட்டில் நிற்கிறது. ரத்தக் கொழுப்பில் டிரைகிளிசரைடு அதிகம், நல்ல கொழுப்பு குறைவு. போன மாதம் எங்கள் அடுக்ககத்தில் வசிக்கும் ஒருவர் 'காளான் காபி' என்று ஒரு பெட்டியைக் கொண்டுவந்து கொடுத்தார். அதில் ரெய்ஷி என்ற மருத்துவக் காளான் இருக்கிறதாம். குடலிலுள்ள நல்ல பாக்டீரியாவுக்கு அது தீனியாம். பாக்டீரியா செழித்தால் கொழுப்பு தானாக இறங்குமாம். 'ப்ரீபயாடிக்' என்ற சொல்லை மாமா இப்போது எங்கள் எல்லோரையும்விடத் திருத்தமாக உச்சரிக்கிறார்.

குடித்துவிட்டுப் போகட்டும் என்று விட்டிருப்பேன். ஆனால் இரவு போடும் ஸ்டாட்டின் மாத்திரையை நிறுத்திவிட்டார் என்பது நேற்றுத்தான் தெரிந்தது. 'இது இயற்கை, அது ரசாயனம்' என்கிறார். அவர் ஓய்வுபெற்ற கணித ஆசிரியர். 'எல்லாம் பொய்' என்று சொன்னால் காதில் வாங்கமாட்டார். கணக்கும் ஆதாரமும் கேட்பார். உண்மையில் இந்தக் காளான் விஷயத்தில் எவ்வளவு சரக்கு இருக்கிறது?

தட்டும்_தராசும்

அம்மா, காளான் பேச்சு பிறகு. ஸ்டென்ட் வைத்தவர் ஸ்டாட்டினைத் தானாக நிறுத்தக் கூடாது. இன்றே அவருடைய இதய மருத்துவரிடம் சொல்லிவிடுங்கள். ரத்தக்குழாய்ச் சுவரில் படிந்திருக்கும் கொழுப்புப் படிவு வெடிக்காமல் உறுதியாக இருக்கவும் அந்த மாத்திரை உதவுகிறது. நிறுத்திய சில வாரங்களில் எல்டிஎல் என்ற கெட்ட கொழுப்பு பழைய இடத்துக்கே ஏறிவிடும். ஏறுவதற்கு வலியோ மயக்கமோ எந்த அறிகுறியும் கிடையாது. 'நிறுத்தினேன், நன்றாகத்தானே இருக்கிறேன்' என்று அவர் சொல்வது அதனால்தான்.

நான் அடையாறு பக்கம் உணவியல் ஆலோசகராக இருக்கிறேன். பெட்டியின் பின்பக்கத்தில் சேர்மானப் பட்டியல் இருக்கும். அதை அப்படியே இங்கே எழுதுங்கள். முன்பக்கம் வேண்டாம், அது ஓவியரின் வேலை.

ஆய்வக_ஓய்வு

உணவுப் பகுப்பாய்வு ஆய்வகத்தில் வேலை பார்த்து ஓய்வுபெற்றவன். சரக்கு இருக்கிறதா என்று கேட்டீர்கள். இருக்கிறது, ஆனால் பெட்டியில் எழுதியிருக்கும் அளவுக்கு இல்லை. கொஞ்சம் நீளமாக எழுதுகிறேன், கணித ஆசிரியருக்குக் காட்டலாம்.

காளானின் செல்சுவர் பெரும்பாலும் இரண்டு பொருள்களால் ஆனது. ஒன்று பீட்டா குளுக்கான் என்ற நார்ச்சத்து, மற்றது கைட்டின். நண்டு, இறால் ஓட்டில் இருக்கிறதே, அதே கைட்டின். பீட்டா குளுக்கானை உடைக்கும் நொதி நம் உடலில் இல்லை. கைட்டினையும் நாம் அரைகுறையாகத்தான் உடைக்கிறோம். ஆகவே இவை சிறுகுடலைத் தாண்டிப் பெருங்குடலுக்கு ஏறக்குறைய முழுசாகப் போய்ச் சேர்கின்றன. அங்குள்ள பாக்டீரியாக்களில் சில இவற்றைப் புளிக்கவைத்து அசிட்டேட், புரோப்பியோனேட், பியூட்டிரேட் என்ற குறுஞ்சங்கிலிக் கொழுப்பு அமிலங்களை உண்டாக்குகின்றன. பெருங்குடலின் உள்சுவர் செல்களுக்கு பியூட்டிரேட்தான் முக்கியமான எரிபொருள். புரோப்பியோனேட் கல்லீரலுக்குப் போகிறது. அது அங்கே கொழுப்பு உருவாகும் வேகத்தை மட்டுப்படுத்துவதாக விலங்கு ஆய்வுகள் காட்டுகின்றன. ஒரு உணவுப்பொருள் குடல் பாக்டீரியாக்களில் குறிப்பிட்ட சிலவற்றுக்கு மட்டும் உரமாகி, அதனால் நமக்கு நன்மை செய்யலாம் என்ற கருத்தை 1995-ல் கிப்சன், ராபர்ஃப்ராய்ட் என்ற இரண்டு ஆய்வாளர்கள் முன்வைத்தார்கள். காளானுக்கு அந்த வரிசையில் இடம் கேட்பது நியாயமே.

இனி கொழுப்புக்கு வருவோம். நார்ச்சத்து எல்டிஎல்லைக் குறைக்கும் வழிகளில் நன்றாக நிறுவப்பட்டது பித்தநீர் வழி. கொழகொழப்பான நார் குடலில் பித்த அமிலங்களைப் பிடித்து மலத்தோடு வெளியே கொண்டுபோகிறது. குறைந்ததை ஈடுகட்டக் கல்லீரல் ரத்தத்திலிருந்து கொலஸ்ட்ராலை எடுத்துப் புதிய பித்த அமிலம் தயாரிக்கிறது. ஓட்ஸ் இதை நாளுக்கு 3 கிராம் பீட்டா குளுக்கானில் செய்துகாட்டியது. இதயநோய் அபாயத்தைக் குறைக்கலாம் என்று ஓட்ஸ் பொட்டலத்தில் எழுத அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் 1997-ல் அனுமதியும் கொடுத்தது.

ஓட்ஸில் இருப்பதும் பீட்டா குளுக்கான், காளானில் இருப்பதும் பீட்டா குளுக்கான் என்று விற்பனையாளர்கள் இரண்டையும் ஒன்றாகக் கட்டிவிடுகிறார்கள். ஓட்ஸில் சர்க்கரை மூலக்கூறுகள் 1,3 மற்றும் 1,4 இணைப்பில் நீண்ட சங்கிலியாக நிற்கின்றன; தண்ணீரில் கரைந்து கொழகொழவென்று ஆகின்றன. காளானில் 1,3 சங்கிலியிலிருந்து 1,6 கிளைகள் பிரிகின்றன. பெரும்பகுதி கைட்டினோடு பிணைந்து கரையாமல் கிடக்கிறது. ஓட்ஸ் வாங்கிய சான்றிதழைக் காளான் பெட்டியில் ஒட்டக் கூடாது.

நலவாழ்வு_முகவர்

தெரியாமல் பேச வேண்டாம். 2015-ல் நேச்சர் கம்யூனிகேஷன்ஸ் இதழில் தைவான் விஞ்ஞானிகள் வெளியிட்ட ஆய்வைப் படியுங்கள். ரெய்ஷி குடல் பாக்டீரியாவை மாற்றி உடல் பருமனையே குறைக்கிறது என்று நிரூபித்துவிட்டார்கள். சீனாவில் காலங்காலமாகப் பயன்படுத்தும் மூலிகை இது. எங்கள் வாடிக்கையாளர்கள் பலருக்குக் கொலஸ்ட்ரால் குறைந்திருக்கிறது. விவரம் வேண்டுவோர் தனிச்செய்தியில் வரலாம், அறிமுகத் தள்ளுபடி உண்டு.

நெறியாளர்

விற்பனை அழைப்பை இந்த இழையில் வைக்காதீர்கள். கடைசி வரியை நீக்குகிறேன். மற்றவை இருக்கட்டும், பதில் சொல்ல விரும்புகிறவர்கள் சொல்லட்டும்.

சந்தேகப்_பிராணி

அந்த ஆய்வு நல்ல ஆய்வு. அதனால்தான் அதைச் சரியாகச் சொல்ல வேண்டும். அதில் பங்கேற்றவை எலிகள். கொழுப்பு மிகுந்த தீனி கொடுத்துப் பருக்கவைத்த எலிகளுக்கு ரெய்ஷி பூசண இழையின் (காளானின் நூல் போன்ற பாகம்) நீர்ச்சாற்றைக் கொடுத்தார்கள். எடை குறைந்தது, அழற்சி குறைந்தது, இன்சுலின் எதிர்ப்பும் குறைந்தது. அந்த எலிகளின் மலத்தை வேறு எலிகளுக்கு மாற்றியபோது பலனும் கூடவே போனது. இது வியக்கத்தக்க முடிவு. பலன் குடல் பாக்டீரியா வழியாகத்தான் வருகிறது என்பதற்கு வலுவான சான்று. பெரிய மூலக்கூறு எடையுள்ள பாலிசாக்கரைடுகளே (சர்க்கரை மூலக்கூறுகள் கோத்த நீண்ட சங்கிலிகள்) காரணம் என்பது வரை பிரித்துப் பார்த்தார்கள்.

அதே 2015-ல் மனிதர்களைப் பற்றிய கணக்கும் வெளிவந்தது. அதை முகவர்கள் சொல்வதில்லை. மருத்துவச் சோதனைகளைத் தொகுத்து மதிப்பிடும் காக்ரேன் அமைப்பு ரெய்ஷியையும் இதயநோய் அபாயக் காரணிகளையும் பற்றி அதுவரை நடந்த தகுதியான சோதனைகளைத் தொகுத்தது. கிடைத்தவை 5 சோதனைகள், மொத்தம் 398 பேர். இரண்டாம் வகை நீரிழிவு உள்ளவர்களின் இதயநோய் அபாயக் காரணிகளுக்கு ரெய்ஷியைப் பரிந்துரைக்க ஆதாரம் இல்லை என்று முடித்தார்கள். மாமா எலியாக இருந்தால் பெட்டியை வாங்கலாம்.

பழையசோறு_பக்தன்

எதற்கு இந்தச் சீனக் காளான்? பழைய சோறும் சின்ன வெங்காயமும் சாப்பிட்டால் குடல் தானாகச் சரியாகும்.

தட்டும்_தராசும்

இதைச் சொல்ல ஒருவர் வருவார் என்று காத்திருந்தேன். பழைய சோற்றை நானும் மதிக்கிறேன். ஸ்டான்லி மருத்துவமனையில் அதை வைத்து ஆராய்ச்சியே எடுத்திருக்கிறார்கள். ஆனால் இவருடைய மாமாவுக்கு டிரைகிளிசரைடு அதிகம், சர்க்கரையும் எல்லையில். சோற்றின் அளவைக் குறைக்கச் சொல்ல வேண்டிய ஆளுக்குக் காலையில் ஒரு சட்டி சோற்றைக் கொடுக்கச் சொல்ல மாட்டேன். அந்தச் சின்ன வெங்காயத்துக்கு மட்டும் முழு ஆதரவு.

மடிப்பாக்கம்_மருமகள்

மருத்துவரிடம் பேசிவிட்டோம். மாத்திரையை உடனே தொடங்கச் சொன்னார், வந்து ரத்தம் கொடுக்கவும் சொன்னார். மாமா முகத்தைத் தூக்கிவைத்துக்கொண்டு மாத்திரை போடுகிறார். காபியையும் விடவில்லை.

பெட்டியின் பின்பக்கம் இதோ. ஒரு பொட்டலம் 20 கிராம். சேர்மானங்கள் இந்த வரிசையில்: பால் சேராத கிரீமர், சர்க்கரை, உடனடிக் காபித்தூள், ரெய்ஷி சாறு 1 சதவீதம். அடியில் மிகச் சிறிய எழுத்தில் 'மருத்துவப் பயன்பாட்டுக்கு அல்ல' என்று இருக்கிறது.

தட்டும்_தராசும்

சேர்மானங்களை எடை அதிகமானதிலிருந்து குறைவானது வரை வரிசையாக எழுத வேண்டும் என்பது விதி. ஆகவே அந்தப் பொட்டலம் முதலில் கிரீமர், பிறகு சர்க்கரை. டிரைகிளிசரைடு அதிகமாக இருக்கும் மனிதர் கொழுப்பைக் குறைப்பதாக நினைத்துக்கொண்டு நாளுக்கு இரண்டு வேளை சர்க்கரையும் கிரீமரும் குடித்துவந்திருக்கிறார். சர்க்கரையும் மாவுச்சத்தும் மிஞ்சினால் கல்லீரல் அதைக் கொழுப்பாக மாற்றி டிரைகிளிசரைடாகவே ரத்தத்தில் விடுகிறது. எனக்கு இந்தப் பொட்டலத்தில் காளானைவிட அதுதான் கவலை.

சந்தேகப்_பிராணி

கணித ஆசிரியருக்கு ஒரு கணக்கு. 20 கிராமில் 1 சதவீதம் என்றால் 0.2 கிராம். மனிதர்களிடம் காளான் டிரைகிளிசரைடைக் குறைத்ததாகச் சொல்லும் சிறிய சோதனை ஒன்று 2011-ல் வெளிவந்தது. ரெய்ஷி அல்ல, சிப்பிக் காளான். 20 இளைஞர்கள். ஒரு பிரிவினருக்கு 21 நாள் தினமும் காளான் சூப், இன்னொரு பிரிவினருக்குத் தக்காளி சூப். காளான் பிரிவில் டிரைகிளிசரைடு குறைந்தது. அந்தச் சூப்பில் இருந்த உலர் காளான் நாளுக்கு 30 கிராம். முப்பதை 0.2-ஆல் வகுத்தால் 150. அந்த எடைக்கு ஈடாக மாமா ஒரு நாளைக்கு 150 பொட்டலம் குடிக்க வேண்டும். சாறும் முழுக்காளானும் ஒன்றல்ல, இனமும் வேறு, ஆகவே இது நேர் ஒப்பீடு ஆகாது. பொட்டலத்தில் போட்டிருப்பது பெயருக்குப் போட்டது என்று காட்ட இது போதும்.

ஆய்வக_ஓய்வு

மேலே சொன்ன 30 கிராம் உலர் காளான் என்பது பச்சையாக ஏறக்குறைய 300 கிராம். காளானில் பத்தில் ஒன்பது பங்கு தண்ணீர். கடையில் விற்கும் 200 கிராம் டப்பா ஒன்றரை. தினமும்.

குடல் பாக்டீரியாவைப் பற்றி மனிதர்களிடம் நடந்த ஒரு சோதனையையும் சொல்லிவிடுகிறேன். 2018-ல் வெளியானது, மின்னசோட்டா பல்கலைக்கழகத்தார் செய்தது. 32 பேர் பத்து நாள் தினமும் 226 கிராம் மொட்டுக் காளான் சாப்பிட்டார்கள். இன்னொரு பத்து நாள் அதற்கு ஈடான புரதம் தரும் இறைச்சி. காளான் சாப்பிட்ட நாட்களில் மலத்தின் எடை கூடியது, பாக்டீரியா இனங்களின் விகிதமும் மாறியது. ஆனால் நான் முன்பு புகழ்ந்த குறுஞ்சங்கிலிக் கொழுப்பு அமிலங்கள் மலத்தில் குறிப்பிடத்தக்கபடி கூடவில்லை. உண்டானவற்றில் பெரும்பகுதியைக் குடலே உறிஞ்சிவிடுவதால் மலத்தில் அளப்பது நல்ல அளவுகோல் அல்ல என்று வாதாடலாம். வாதாடுவது ஒன்று, காட்டுவது ஒன்று.

மருந்துக்கடை_மாடி

'இது இயற்கை, அது ரசாயனம்' என்ற மாமாவுக்கு ஒரு செய்தி. ஸ்டாட்டின் பிறந்ததே பூஞ்சையில்தான். 1970-களின் தொடக்கத்தில் ஜப்பானில் அகிரா எண்டோ என்ற உயிர்வேதியியலாளர் கொலஸ்ட்ரால் உற்பத்தியைத் தடுக்கும் பொருளைத் தேடி ஆறாயிரம் பூஞ்சை வகைகளைச் சலித்தார். கடைசியில் பெனிசிலியம் சிட்ரினம் என்ற பூஞ்சையில் காம்பாக்டின் கிடைத்தது. பிறகு அஸ்பெர்ஜில்லஸ் டெரியஸ் என்ற இன்னொரு பூஞ்சையிலிருந்து லோவாஸ்டாட்டினை எடுத்தார்கள். 1987-ல் அமெரிக்காவில் மருந்தாக அனுமதி கிடைத்தது. மாமா போடும் அடோர்வாஸ்டாட்டின் ஆலையில் தொகுத்தது என்றாலும் அந்த வம்சத்தில் வந்ததுதான். எண்டோ 2024-ல் காலமானார்.

நலவாழ்வு_முகவர்

பார்த்தீர்களா! சிப்பிக் காளானிலேயே லோவாஸ்டாட்டின் இருக்கிறது. அப்புறம் மாத்திரை எதற்கு?

மருந்துக்கடை_மாடி

இருக்கிறது. எவ்வளவு என்பதுதான் சிக்கல். வகைக்கு வகை, வளர்த்த முறைக்கு முறை மாறுகிறது. சில மாதிரிகளில் கண்டறியும் அளவுக்கே இருப்பதில்லை. மாத்திரையில் 20 மில்லிகிராம் என்றால் 20 மில்லிகிராம். பூஞ்சை சேர்த்துப் புளிக்கவைத்த சிவப்பு ஈஸ்ட் அரிசியில் இதே மூலக்கூறு மொனக்கோலின் கே என்ற பெயரில் இருக்கிறது. ஐரோப்பிய ஒன்றியம் 2022-ல் அதை நாளுக்கு 3 மில்லிகிராமுக்குக் கீழே வைக்க வேண்டும் என்று கட்டுப்படுத்தியது. இயற்கையில் வந்தாலும் தசை வலி, கல்லீரல் பாதிப்பு எல்லாம் அதற்கும் உண்டு. உங்கள் பொட்டலத்தில் இருப்பது ரெய்ஷி. சிப்பிக் காளானின் புகழை அதற்கு ஏன் எடுத்துக்கொடுக்கிறீர்கள்?

வைக்கோல்_பை

திருப்போரூர் பக்கம் சிறிய கொட்டகையில் சிப்பிக் காளானும் பால் காளானும் வளர்க்கிறேன். இந்த ரெய்ஷியைப் பற்றி ஊரார் வாயில் வருவதெல்லாம் கேட்டால் எனக்குச் சிரிப்பு வருகிறது. அறிவியல் பெயர் கானோடெர்மா. எங்கள் தாத்தாவுக்கு அது எதிரி. 1952 புயலுக்குப் பிறகு தஞ்சை மாவட்டத்தில் தென்னை மரங்களைச் சாய்த்ததே, தஞ்சாவூர் வாடல் நோய், அது இந்தக் கானோடெர்மாவின் வேலை. மரத்தின் அடியில் சாறு வடியும், பிறகு வார்னிஷ் அடித்தது மாதிரி பளபளவென்று அடைக் காளான் முளைக்கும். நாங்கள் மயில்துத்தமும் சுண்ணாம்பும் கலந்த போர்டோ கலவை ஊற்றி, வேப்பம் புண்ணாக்கோடு டிரைக்கோடெர்மா என்ற நன்மை செய்யும் பூஞ்சையைப் போட்டு அதை விரட்டப் பார்க்கிறோம். அங்கே பெட்டியில் போட்டு விற்கிறார்கள். அதற்காக யாரும் தென்னந்தோப்பில் பிடுங்கிக் கஷாயம் வைத்துவிடாதீர்கள். மழை பெய்ததும் புல்வெளியில் குடை விரிக்கும் வெள்ளைக் காளானையும் தொடாதீர்கள். செதிளில் பச்சை ஓடும் ஒரு வகை வாந்தியில் ஆளைச் சுருட்டிவிடும்.

இன்னொன்றும் சொல்கிறேன், இது தொழில் ரகசியம் இல்லை. பொடியாக வருவதில் எல்லாமே காளான் அல்ல. தானியத்தில் பூசண இழையை ஓடவிட்டு, இழையையும் தானியத்தையும் சேர்த்தே அரைத்துவிடுகிறார்கள். நாங்கள் வித்துக்குச் சோளத்தில் ஓடவிடுகிறோமே, அதையே காயவைத்து அரைத்த மாதிரி. அதில் காளானைவிடச் சோளம் அதிகம்.

ஆய்வக_ஓய்வு

வைக்கோல்_பை சொன்னதை வீட்டிலேயே ஓரளவு சோதிக்கலாம். பொடியைக் கொஞ்சம் வெந்நீரில் கலக்கி, ஆறியதும் டிங்சர் அயோடின் ஒரு சொட்டு விடுங்கள். கருநீலமாக மாறினால் மாவுச்சத்து இருக்கிறது. காளானில் ஸ்டார்ச் கிடையாது, கிளைக்கோஜன்தான். அது அந்தக் கருநீலத்தைத் தராது. பள்ளியில் உருளைக்கிழங்கை வைத்துச் செய்த அதே சோதனை. காபி கலந்த பொட்டலத்தில் நிறம் தெரியாது. வெறும் காளான் பொடிக்குத்தான் இது உதவும். நிறம் மாறாவிட்டால் தரமான சரக்கு என்றும் பொருள் அல்ல.

பெட்டியில் 'பாலிசாக்கரைடு 30 சதவீதம்' என்று எழுதியிருந்தால் மயங்க வேண்டாம். ஸ்டார்ச்சும் பாலிசாக்கரைடுதான். பீட்டா குளுக்கான் எவ்வளவு என்று தனியாக எழுதியிருக்க வேண்டும். 2017-ல் அமெரிக்கச் சந்தையில் ரெய்ஷி என்று விற்ற 19 பொருள்களைச் சோதித்தபோது 5 மட்டுமே உண்மையான ரெய்ஷியின் வேதிக்குறிகளோடு பொருந்தின.

எரிச்சல்_வயிறு

எனக்கு எரிச்சல்குடல் நோய் இருக்கிறது. காளான் மசாலா சாப்பிட்டால் வயிறு ஊதிக்கொள்கிறது. குடலுக்கு நல்லது என்று எல்லோரும் சொல்லும்போது எனக்கு மட்டும் ஏன்?

தட்டும்_தராசும்

மொட்டுக் காளானில் மானிட்டால் என்ற சர்க்கரை ஆல்கஹால் அதிகம். சிறுகுடல் அதைச் சரியாக உறிஞ்சாது. பெருங்குடலுக்குப் போனதும் பாக்டீரியா அதை வேகமாகப் புளிக்கவைத்து வாயு உண்டாக்கும், தண்ணீரையும் இழுக்கும். மற்றவருக்கு உரமாவது உங்களுக்கு உப்புசம். சிப்பிக் காளானில் மானிட்டால் குறைவு, கொஞ்சமாக முயன்று பாருங்கள். மசாலாவிலிருக்கும் வெங்காயத்தையும் பூண்டையும் ஒரு முறை விட்டுப் பாருங்கள். அவற்றிலுள்ள ஃப்ரக்டான் என்ற நார்ச்சத்து உங்களைப் போன்றவர்களுக்குப் பெரிய வில்லன்.

அந்த ஃப்ரக்டான்தான் ஆய்வுகளில் அதிகம் நிரூபிக்கப்பட்ட ப்ரீபயாடிக் என்பது வேடிக்கை. காளான் மசாலாவில் குடல் பாக்டீரியாவுக்குப் பிடித்த பண்டம் காளானைவிட வெங்காயமும் பூண்டும்தான் என்று நினைக்கிறேன்.

மடிப்பாக்கம்_மருமகள்

150 பொட்டலக் கணக்கைத் தாளில் எழுதி மாமாவிடம் கொடுத்தேன். சரிபார்த்தார். விடை சரி என்றார். வேறு ஒன்றும் சொல்லவில்லை. இன்று காலை வழக்கமான காபியைச் சர்க்கரை இல்லாமல் கேட்டிருக்கிறார். அவருக்குக் காளானே பிடித்துப்போய்விட்டது, உணவாகக் கொடுக்கலாமா? எவ்வளவு? ஏற்கெனவே குடித்த பொட்டலங்களால் ஆஸ்பிரினோடு சிக்கல் ஏதும் வருமா?

தட்டும்_தராசும்

ரெய்ஷிக்கு ரத்தத்தட்டுகள் ஒட்டுவதைத் தடுக்கும் குணம் கொஞ்சம் உண்டு என்பதால், ஆஸ்பிரின், வார்ஃபரின், குளோபிடோகிரல் போன்ற ரத்தம் உறையாமல் தடுக்கும் மருந்துகளை எடுப்பவர்கள் மருத்துவரிடம் சொல்ல வேண்டும். 0.2 கிராமில் பெரிதாக ஒன்றும் நடந்திருக்காது. பல் பிடுங்கவோ அறுவை சிகிச்சைக்கோ போகும்போது மட்டும் மறைக்காதீர்கள். ரெய்ஷிப் பொடியால் கல்லீரல் பாதித்ததாக அரிதாகச் சில பதிவுகளும் உண்டு. வரும் ரத்தப் பரிசோதனையில் கல்லீரல் நொதிகளையும் பார்க்கச் சொல்லுங்கள்.

உணவாகத் தாராளமாகக் கொடுக்கலாம். வாரத்தில் சில நாள், ஆட்டுக்கறிக்கோ உருளைக்கிழங்கு வறுவலுக்கோ பதிலாக. கூடுதலாக அல்ல, பதிலாக. எண்ணெயில் மிதக்க வைத்தால் கதை கந்தல். நார்ச்சத்துக்கு அதை மட்டும் நம்பவும் வேண்டாம்: 100 கிராம் மொட்டுக் காளானில் நார் ஒரு கிராம், சிப்பிக் காளானில் இரண்டு கிராமுக்குச் சற்று மேல். அதே 100 கிராம் வெந்த கொண்டைக்கடலையில் ஏழு கிராமுக்கு மேல். மெரினாவில் சுண்டல் விற்பவர் 'ப்ரீபயாடிக்' என்று கூவத் தொடங்கினால் அவரிடம் வழக்குப் போட முடியாது. மாலைக் காபிக்குப் பதில் சுண்டல், இரவுச் சோற்றில் பாதிக்குப் பதில் காய், தினமும் முக்கால் மணி நேர நடை. டிரைகிளிசரைடுக்கு இவை செய்வதை எந்தப் பொட்டலமும் செய்யாது.

வைக்கோல்_பை

மொட்டுக் காளானுக்குக் குளிர் வேண்டும், ஊட்டியிலிருந்தோ ஏசி கொட்டகையிலிருந்தோ வர வேண்டும். பால் காளான் நம் வெயிலில் வளர்கிற சாதி, 30 டிகிரிக்கு மேலேயும் தாங்கும். அருப்புக்கோட்டையில் 1998-ல் ஏபிகே 2 என்ற ரகம் வெளியிட்டார்கள், நாங்கள் போடுவது அதைத்தான். சதைப்பற்று அதிகம், குருமாவில் குழையாது. எந்தக் காளானானாலும் நன்றாக வேகவையுங்கள், பச்சையாகச் சாலட்டில் போடாதீர்கள். மிளகு, சீரகம் தட்டிப்போட்டுச் சுருள வதக்கினால் ஒரு கரண்டி எண்ணெய் போதும். சமைப்பதற்கு முன் நறுக்கி உச்சி வெயிலில் சிறிது நேரம் பரப்பி வைத்தால் காளானிலுள்ள எர்கோஸ்டெரால் வைட்டமின் டி2 ஆக மாறும். ஐப்பசி மழையில் மாடியில் காயப்போட வேண்டாம், ஈரக்காற்றில் வேறு பூஞ்சை பிடித்துவிடும்.

சனிக்கிழமை காலை வேளச்சேரி பக்கம் வருகிறேன், யாருக்காவது பால் காளான் வேண்டுமென்றால் தனிச்செய்தியில் சொல்லுங்கள்.

நெறியாளர்

வைக்கோல்_பை, விற்பனைக்குத் தனிப்பகுதி இருக்கிறது. முகவருக்குச் சொன்ன விதிதான் உங்களுக்கும். கடைசி வரியை அங்கே மாற்றிவிட்டேன்; எனக்கு அரை கிலோ எடுத்து வையுங்கள்.